என்ன கடுதாசி கொண்டு போவது?

வத்தேகமப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகள், உலோகப் பொருட்களுக்கு முலாம் பூசும் சிறியதொரு நிலையத்தில் எட்டு மாதமாக வேலை செய்கிறாள். பித்தளைத் தட்டுகளையும் விளக்குப் பாகங்களையும் கம்பியில் கோத்து, ஒரு தொட்டியில் அமிழ்த்தி எடுத்து, கழுவி, அடுத்த தொட்டியில் அமிழ்த்துவதே காலை முதல் மாலை வரை அவளுடைய வேலை. இப்போது இரண்டு கைகளிலும் தோல் சிவந்து, வெடித்து, நீர் வடிகிறது. வேலைக்கு வர இயலாது என்று சொன்னால் "கடுதாசி கொண்டு வா" என்கிறார்களாம். "என்ன கடுதாசி, யாரிடம் வாங்குவது என்று விளங்கவில்லை மிஸ்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. பிலிமத்தலாவையில் பிரதான வீதியோரம் பளபளக்கும் பித்தளைச் சாமான்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பளபளப்புக்குப் பின்னால் ஓர் அமிலத் தொட்டி இருக்கும். அலுமினிய யன்னல் சட்டங்களுக்கும் இரும்புக் கேற்றுகளுக்கும் நிறம் ஏற்றும் இடங்களிலும் முதலில் நடப்பது தொட்டியில் அமிழ்த்திக் கழுவுவதுதான். கலஹா, புசல்லாவை, தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து பியகமவுக்குப் போய் போர்டிங் அறைகளில் தங்கி இறப்பர் கையுறை செய்யும் பிள்ளைகளுக்கும் இந்த வேலை தெரியும். பீங்கானால் செய்த கை அச்சுகள் சங்கிலியில் வரிசையாக வந்து முதலில் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலிலும் பிறகு இறப்பர் பாலிலும் மூழ்கி, சூளைக்குள் போய் வெந்து வெளியே வரும். பால் கெடாமலிருக்க அமோனியா சேர்ப்பார்கள். இறப்பர் விரைவாக இறுகுவதற்குச் சேர்க்கும் துரிதப்படுத்திகள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். கையுறை அணிந்தவரின் கைக்கு மட்டுமல்ல, அதைச் செய்தவரின் கைக்கும் அது பொருந்தும்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கடுதாசி கொண்டுவரும் பொறுப்பு முழுவதையும் நோயாளியின் தலையில் கட்டுவது சரியல்ல. முதலாவது கடுதாசி தொழிற்சாலைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை எழுதி வைக்க வேண்டியவர் முதலாளி.

எமது நாட்டில் இதற்கு அடித்தளமாக இருப்பது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம். பிரித்தானியரின் 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது அது. பெரிய கட்டடமும் புகைபோக்கியும் இருந்தால்தான் தொழிற்சாலை என்று பலரும் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கூலிக்கு ஆள் வைத்து ஒரு பொருளைச் செய்வதும், மாற்றியமைப்பதும், அலங்கரிப்பதும், மெருகூட்டி முடிப்பதும் தொழிற்சாலை வேலைதான். ஆகவே வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் நடக்கும் முலாம் வேலையென்றாலும் "இது பெக்டரி இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

அந்தச் சட்டத்தின்படி, வேலைத்தலத்தில் நேர்ந்த விபத்தினால் ஒருவர் தாம் செய்துவந்த வேலையில் முழுச் சம்பளம் உழைக்க இயலாதபடி 3 நாட்களுக்கு மேல் முடங்கினால், முதலாளி அதனை எழுத்து மூலம் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். பொதுப் பதிவேட்டிலும் அது பதியப்பட வேண்டும். "தாம் செய்துவந்த வேலையில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். அமிலம் தெறித்துக் கை வெந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாமல், பெட்டி ஒட்டும் மேசையிலோ கன்ரீனிலோ நான்கு நாட்கள் உட்காரவைத்து, "ஒருநாளும் லீவு இல்லையே, எதை அறிவிப்பது?" என்று கேட்கும் சுப்பர்வைசர்மாரை நான் கண்டிருக்கிறேன். கொப்பியில் வரவு குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் தொட்டியருகில் அவளால் நிற்க முடியவில்லை அல்லவா? சட்டம் கேட்பது அதைத்தான்.

ஒரே நாளில் தெறித்த அமிலம் விபத்து. மாதக்கணக்காக நனைந்து வெடித்த கை விபத்தல்ல, தொழில்வழி நோய். இந்த இரண்டாவது வகையில்தான் எமது பெண்கள் அதிகம் தோற்றுப்போகிறார்கள். எந்த நாள் தொடங்கியது என்று எவரும் எழுதி வைப்பதில்லை. மருந்துக்கடையில் பூசுமருந்து வாங்கிப் பூசி, இரண்டு நாள் ஆறி, மறுபடி வெடித்து, ஐந்தாறு மாதம் ஓடிவிடும். பிறகு நட்டஈடு கேட்கப் போனால், "வீட்டில் சவர்க்காரம் போட்டதால் வந்திருக்கலாம்" என்பார்கள். பாத்திரம் கழுவுவதும் உடுப்புத் துவைப்பதும் பெண்களின் வேலையாக இருப்பதால், இந்தப் பதில் அவர்களுக்கு மட்டும் ஆயத்தமாகக் கிடைக்கிறது. ஆண்களிடம் இப்படிக் கேட்டதை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

அதனால் வைத்தியரிடம் போகும்போது "கை கடிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கண்டி தேசிய வைத்தியசாலையாக இருக்கட்டும், பேராதனைப் போதனா வைத்தியசாலையாக இருக்கட்டும், என்ன வேலை செய்கிறீர்கள், கை எதில் நனைகிறது, விடுமுறை நாட்களில் ஆறுகிறதா, வேலைக்குத் திரும்பினால் கூடுகிறதா என்பதையெல்லாம் சொல்லுங்கள். அதை கிளினிக் கொப்பியிலோ நோய்நிர்ணய அட்டையிலோ எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். விடுமுறையில் ஆறி வேலையில் கூடும் தோல் நோய் வேலையோடு தொடர்புள்ளதாக இருக்கலாம் என்பதை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். அந்த ஒரு வரி கொப்பியில் இருந்தால், "சவர்க்காரம்" என்ற கதைக்கு அதுவே பதில். கைத்தொலைபேசி உள்ளவர்கள் வாரம் ஒருமுறை கையைப் படம் எடுத்து வையுங்கள். திகதி தானாகவே பதிவாகிவிடும்.

அமெரிக்காவில் அமிழ்த்தும் தொட்டிகளுக்கென்றே தனியான விதிகள் இருக்கின்றன. வைத்தியம் தேவைப்படும் புண்ணோ தீக்காயமோ உள்ள ஒருவர், தொட்டியின் ஆவி பரவும் இடத்தில் வேலை செய்வதற்கு முன் வைத்தியரின் சம்மதம் வேண்டும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டையும் குழாய்களையும் 3 மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும். குரோமிக் அமிலத்தோடு வேலை செய்பவர்களின் உடலில் வெளியே தெரியும் பாகங்களை, முக்கியமாக மூக்குத் துவாரங்களை, காலத்துக்குக் காலம் பார்க்க வேண்டும். ஏன் மூக்கு என்று கேட்பீர்கள். குரோமிய ஆவி மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டை போடும். ஆரம்பத்தில் வலியே தெரியாமலும் இருக்கலாம். "கை வெடித்தாலும் வேலைக்கு வா" என்பதும் "கை ஆறும் வரை தொட்டிப் பக்கம் போகாதே" என்பதும் எவ்வளவு தூரம்!

இனி, தொட்டியின் பெயர்ச்சீட்டு. வெள்ளி முலாம் பூசும் தொட்டிகளில் சயனைட்டு உப்புகள் பாவிப்பது வழக்கம். பக்கத்திலேயே பித்தளையைச் சுத்தம் செய்யும் அமிலத் தொட்டி இருக்கும். இவை இரண்டும் கலந்தால் எழும் வாயு சில நிமிடங்களில் உயிரைக் கொல்லக்கூடியது. பழைய கலனில் எஞ்சியதை எந்தத் தொட்டியில் ஊற்றுவது என்று தெரியாமல் மாற்றி ஊற்றினால் போதும். ஆகவே தொட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டு அழகுக்காக ஒட்டியதல்ல. ஒவ்வொரு இரசாயனத்தோடும் அதை விற்பவர் பாதுகாப்புத் தரவுத்தாள் ஒன்றைத் தர வேண்டும் என்பது உலக வழக்கம். அதில் 16 பகுதிகள் இருக்கும். 4 ஆவது பகுதி முதலுதவி, 8 ஆவது பகுதி அணிய வேண்டிய பாதுகாப்புக் கவசங்கள். முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். சுவரில் இருக்கும் அறிவித்தல் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். தோட்டத்துப் பாடசாலையில் தமிழில் படித்த பிள்ளைக்கு இரண்டும் வெறும் கோடுகள். சர்வதேச தொழில் அமைப்பு 1990 இல் நிறைவேற்றிய இரசாயனங்கள் பற்றிய 170 ஆம் இலக்கச் சமவாயம், ஆபத்தான இரசாயனங்களின் சீட்டு தொழிலாளிக்கு எளிதில் விளங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. விளங்கும்படி என்பதுதான் முக்கியம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் நான்கைந்து தாள்களைக் கொடுத்து ஒப்பம் வாங்குகிறார்கள். அவற்றில் ஒன்று, "பாதுகாப்புப் பயிற்சி பெற்றேன், கவசங்கள் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கும். பயிற்சியும் கிடையாது, கவசமும் கிடையாது. நாளைக்கு ஒன்று நடந்தால் அந்த ஒப்பந்தான் முதலாளியின் சாட்சி. பெண்களைப் பாதுகாக்க வேண்டிய தாள் அவர்களுக்கு எதிராகத் திரும்புவது இந்த இடத்தில்தான். ஒப்பமிட மறுத்தால் வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் ஒப்பத்துக்குக் கீழே திகதியையும், "எனக்கு வாசித்து விளங்கப்படுத்தவில்லை" என்ற வரியையும் தமிழில் எழுதுங்கள். அதற்கும் இடம் தராவிட்டால், அன்று மாலையே வீட்டுக் கொப்பியில் என்ன தாளில் ஒப்பமிட்டீர்கள், யார் கூட இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். மேன்பவர் ஏஜன்சி மூலம் போகிறவர்கள் சம்பளச் சீட்டையும் ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தையும் கவனமாக வைத்திருங்கள். விபத்து நடந்த மறுநாளே "இப்படி ஒருவர் எங்களிடம் வேலை செய்யவில்லை" என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

கடுதாசி இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஹொரணையை நினைவூட்டலாம். 2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லப்பிட்டியவில் இறப்பர் தொழிற்சாலை ஒன்றின் அமோனியாத் தாங்கிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார். அவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் மேலே வரவில்லை. ஐந்து உயிர்கள் போயின. ஆபத்தான வாயு நிற்கக்கூடிய தாங்கிக்குள் இறங்குவதற்கு முன் காற்றைப் பரிசோதித்தார்களா, சுவாசக் கருவி இருக்கிறதா, இடுப்பில் பட்டி கட்டி வெளியே ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பொறுப்பானவர் ஒப்பமிட்டால்தான் இறங்கலாம் என்ற நடைமுறை நல்ல தொழிற்சாலைகளில் உண்டு. உட்செல்லும் அனுமதிப் பத்திரம் என்பார்கள். அரைப் பக்கத் தாள்தான். அதை நிரப்பும்போதே, கயிறு இல்லை என்பது தெரிந்துவிடும். தொட்டி கழுவும் வேலையைப் பெண்களுக்குக் கொடுக்கும் இடங்களும் இருப்பதால் இதை எழுதுகிறேன். ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தால், பாசத்தில் பின்னால் குதிக்காதீர்கள்.

உடுப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டியருகில் அணிந்த உடுப்போடு பஸ்ஸில் வந்து, குழந்தையைத் தூக்கி, அதே வாளியில் குழந்தையின் துணியையும் துவைக்காதீர்கள். வேலைத்தலத்தில் உடுப்பு மாற்ற இடம் கேளுங்கள். கர்ப்பிணியாக இருந்தால், என்ன இரசாயனத்தோடு வேலை என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதல் மாதத்திலேயே சொல்லுங்கள்.

முறைப்பாடு செய்வது எங்கே? தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் அதிகாரம் தொழில் திணைக்களத்துக்கு உண்டு; கண்டியிலேயே அலுவலகம் இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தொழிற் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகம் பயிற்சியும் ஆலோசனையும் தரும். சிறிய பட்டறையென்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்வதும் பயன் தரும். நட்டஈடு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வருவது. ஆகக்கூடிய தொகை 2022 இல் 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது; வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்துகளும் அப்போதுதான் சேர்க்கப்பட்டன. காலம் தாழ்த்தாமல் விண்ணப்பியுங்கள்.

"சிங்களத்தில் எழுதத் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். 1987 இல் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை.

தொட்டி கழுவிய நீர் எந்தக் கானில் போகிறது என்பது அயலவர்களின் கேள்வி. வெலிவேரிய, ரத்துபஸ்வலவில் கையுறைத் தொழிற்சாலைக் கழிவால் கிணற்று நீர் அமிலமாகிவிட்டது என்று ஊரார் குற்றஞ்சாட்டி வீதிக்கு வந்தபோது, 2013 ஓகஸ்ட் 1 ஆம் திகதி இராணுவம் சுட்டதில் மூவர் இறந்தனர். நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறும் சட்ட உரிமை அன்று ஊராருக்கு இருக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 இல் நடைமுறைக்கு வந்தது. முலாம் பூசும் தொழிலுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவை. உங்கள் கிணற்றருகே அப்படியொரு பட்டறை இருந்தால், அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் நிபந்தனைகளையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்கலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.