களஞ்சியத்தில் விற்கப்படும் அமைதி

ஆற்றங்கரையில் ஒரு பழைய நெற்களஞ்சியம். உத்தரங்களைத் தேய்த்து மெருகேற்றி, தரைக்குச் செங்கல் பாவி, உள்ளே கட்டில் போட்டிருக்கிறார்கள். சன்னலைத் திறந்தால் வயல். இரவெல்லாம் நீரின் ஓசை. இரண்டு நாள் தங்கித் திரும்பியவர் எழுதும் கட்டுரையில் 'அமைதி' என்ற சொல் குறைந்தது ஐந்து முறை வந்துவிடும். இலக்கிய இதழ்களின் பயணப் பக்கங்களில் இவ்வகை எழுத்தை அண்மைக்காலமாக அடிக்கடி வாசிக்க நேர்கிறது. சில வேளை அது அயல்நாட்டு ஆறு, சில வேளை நம் பொருநை. எழுதுபவர்கள் நல்ல வாசகர்கள், சிலர் தேர்ந்த கவிஞர்களும்கூட. விடுதிக்காரர் அச்சொல்லை விளம்பரத்தில் போட்டால் அது வணிகம் என்று கடந்துவிடலாம். சொல்லின் பொருளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் அதை அப்படியே வாங்கி நமக்கும் பரிமாறும்போது வாளாவிருக்க இயலவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் கூடங்குளம். ஆறு இல்லாத ஊர். பனையும் உடைமரமும் காற்றும் உண்டு. நீர் மட்டும் எப்போதும் வேறெங்கிருந்தோ வர வேண்டியதாகவே இருந்திருக்கிறது. தாமிரபரணியின் வெள்ள உபரியை எங்கள் பக்கத்து வறண்ட நிலங்களுக்குத் திருப்பும் கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய்க்கு 2009இல் வேலை தொடங்கினார்கள்; 2025இல்தான் திறந்து வைத்தார்கள். ஆகவே ஆற்றங்கரையைப் பார்க்கும்போது எங்களுக்கு முதலில் தோன்றுவது அழகன்று, கணக்கு. யாருக்கு எத்தனை அடி, எந்த மடை, எந்த மாதம்.

அந்தக் கணக்கைத்தான் இக்கட்டுரைகள் தொலைத்துவிடுகின்றன. பாபநாசத்திலிருந்து திருவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களை நம்பி 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நன்செய். காரும் பிசானமும் என இரு போகம். சன்னலுக்கு வெளியே தெரிகிற பச்சை இயற்கையின் கொடை அன்று. நடவுப் பெண்டிரின் முதுகும் நள்ளிரவில் மடை மாற்றும் நீர்ப்பாய்ச்சியின் கால்களும் சேர்ந்து செய்த பொருள் அது. கட்டுரையாளர் நாற்காலியில் சாய்ந்து கேட்கும் நீரோசைகூடப் பெரும்பாலும் கால்வாயின் ஓசைதான். ஆற்றின் ஓசை என்று எழுதிவிடுகிறார். போகட்டும்.

களஞ்சியத்துக்கு வருவோம். தெற்கே நாம் கிட்டங்கி என்றும் சொல்லும் அந்தக் கட்டடம் ஒருபோதும் அமைதியான இடமாக இருந்ததில்லை. களத்துமேட்டில் சூடடித்து, பொலி தூற்றி, மரக்காலால் அளந்து, 21 மரக்கால் ஒரு கோட்டை என்று எண்ணி உள்ளே கொண்டுபோன நெல்லில் உழுதவன் பங்கு எவ்வளவு, உடையவன் பங்கு எவ்வளவு என்ற வழக்கு ஒவ்வோர் அறுப்பிலும் நடந்தது. கோயிலும் மடமும் மிராசும் நிலம் வைத்திருந்த பள்ளத்தாக்கு இது. 1956ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் வந்துதான் நன்செய்யில் உடையவர் பங்கு நூற்றுக்கு 40 என்று வரம்பு கட்டியது. அதற்கு முன் அளவுகோல் யார் கையில் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பூட்டிய கதவுக்கு உள்ளே ஓராண்டுச் சோறும் வெளியே கடனும் இருந்த கட்டடத்தைப் 'பாட்டன் காலத்து எளிமை' என்று வருணிக்கும்போது யாருடைய பாட்டன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா?

அது ஏன் காலியாயிற்று என்பதும் எழுதப்படுவதில்லை. அறுவடை எந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, மணியைக் கொட்டிவிடுகிறது. மூட்டை நேரே கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரியின் லாரிக்கோ போகிறது. வைக்கோற்படப்பு இல்லை, தொழுவில் உழவுமாடு இல்லை. இங்கிலாந்திலும் இதன் இணைக்கதை ஒன்று உண்டு. பயன் இழந்த பண்ணைக் கட்டடங்களைக் குடியிருப்பாக மாற்றுவதற்கு 2014இல் அங்கே சட்ட விதிகளையே தளர்த்தினார்கள். கேரளத்தில் குட்டநாட்டு நெல்லைச் சுமந்த கெட்டுவள்ளங்கள் சாலைகளும் லாரிகளும் வந்தபின் சரக்கிழந்து, 1990களில் குளிரூட்டிய படகு வீடுகளாயின. வேலை வெளியேறிய பிறகுதான் ஓய்வு உள்ளே வருகிறது. இந்த வரிசை தற்செயலானதன்று.

ஆற்றின் தலைமாட்டில் இதைவிடக் கூர்மையான சான்று இருக்கிறது. மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை. சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் பம்பாய் பர்மா நிறுவனம் தேயிலை வளர்த்தது. 1999 சூலை 23 அன்று அத்தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியில், கொக்கிரகுளத்தில், காவல்துறையின் தடியடிக்கு அஞ்சி ஆற்றுக்குள் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் மாண்டனர். அந்த நீரும் இதே நீர்தான். குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கையில், 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வேலை நிறுத்தப்பட்டது. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. காடு காடாக மீள்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. புலிகள் காப்பகத்தின் நியாயமும் புரிகிறது. தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்தவர்களை இறக்கிவிட்ட பிறகு எழுதப்படப்போகும் 'மூடுபனியும் மௌனமும்' வகைக் கட்டுரைகளை நினைத்தால்தான் அச்சமாக இருக்கிறது.

அமைதி என்ற சொல்லின்மீது எங்களுக்கு இவ்வளவு ஐயம் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 2012 செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் கண்ணீர்ப்புகையும் தடியடியும் நடந்தபோது நாடு எங்களிடம் கேட்டதும் அதே அமைதியைத்தான். பேசிக்கொண்டிருந்த ஊர் பேசாமலாவதற்கும் அதுவே பெயர்.

"அப்படியானால் ஓய்வே கூடாதா, உழைத்துக் களைத்தவன் ஆற்றங்கரையில் இரண்டு நாள் படுத்திருந்தால் குற்றமா?" என்று நண்பர்கள் சினப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. இம்மண்ணுக்கு ஆற்றங்கரை ஓய்வு தெரியாததன்று. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நம் மக்கள் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஆற்றங்கரையில் குடில் போட்டுப் பல நாள் தங்கி, பொங்கி உண்டு, குளித்து, கூத்துப் பார்த்துத் திரும்பிய மரபு அது. குழந்தை அழும், அடுப்புப் புகையும், பக்கத்துக் குடிலில் உப்பு கடன் கேட்பார்கள். யாரும் அதை அமைதி என்று அழைத்ததில்லை. ஆனால் அதைவிட நல்ல விடுமுறையை நாங்கள் கண்டதுமில்லை. வனத்துறை அங்கே தங்கும் நாள்களைக் குறைத்தும் கட்டுப்பாடுகளைக் கூட்டியும் வருகிறது. காட்டின் நலம் காரணம் என்கிறார்கள், அதில் உண்மையும் உண்டு. பிளாஸ்டிக்கும் பழந்துணியும் ஆற்றில் குவிவதை நாமே பார்த்திருக்கிறோம். கூலிக்காரனின் ஐந்து நாள் குடில் சூழலியல் சிக்கலாகிறது, காசுள்ளவனின் ஆண்டு முழுவதுமான அறை மட்டும் 'சூழலியல் சுற்றுலா' ஆகிறது என்ற இந்த மொழி விளையாட்டை இலக்கியவாதி அல்லவா முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும்?

2023 டிசம்பர் வெள்ளத்தையும் நினைவூட்ட வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. கரை எது, படுகை எது என்று ஆறு தானே எழுந்து காட்டிய இரண்டு நாள் அது. ஆற்றை ஒட்டிக் கட்டாமல் களத்தையும் ஊரையும் மேட்டில் வைத்த முன்னோர் இயற்கை ரசனை இல்லாதவர்கள் அல்லர். 'நீரைத் தொடும் தூரத்தில் அறை' என்று இன்று விற்பவர்கள் அந்த மேட்டின் பொருளை அறியாதவர்கள், அவ்வளவே.

பயணக் கட்டுரையே எழுதாதீர்கள் என்பது எம் வேண்டுகோள் அன்று. தங்குங்கள், எழுதுங்கள். அறையைக் கூட்டிப் பெருக்கியவர் முன்பு யாருடைய வயலில் நட்டார், இப்போது என்ன கூலி பெறுகிறார், முன்னே ஓடும் வாய்க்கால் எந்த அணைக்கட்டிலிருந்து பிரிகிறது, இந்த ஆண்டு கார் சாகுபடிக்கு அங்கே தண்ணீர் வந்ததா என்பதையும் கேட்டு எழுதுங்கள். அடுத்த இலக்கிய முகாமை இத்தகைய ஆற்றங்கரைக் களஞ்சியம் ஒன்றில் நடத்த நண்பர்கள் பேசிவருவதாகக் கேள்வி. அழைப்பிதழ் அச்சாகுமுன், அங்கே கடைசியாக நெல் அளந்தது எந்த ஆண்டு என்று விசாரித்து அதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால், நாங்களும் பேருந்து ஏறி வருகிறோம்.