கஞ்சா என்று கண்டது யார்?

போலீசார் ஒரு மூட்டையைப் பிடித்துக் "கஞ்சா" என்று சொல்லிவிட்டால், நம் மக்கள் அதோடு விஷயம் முடிந்துவிட்டதாகவே எண்ணிக் கொள்ளுகிறார்கள். பெரியவர்கள் சொன்னால் சரி என்கிற புத்தி, கோவிலோடு நில்லாமல் கோர்ட்டு வரைக்கும் வந்துவிட்டது. இப்படிச் சொல்லுவதால் நாம் கஞ்சா வியாபாரிக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் கருத வேண்டியதில்லை. அது ஏழையின் கூலியையும் புத்தியையும் கெடுக்கும் பண்டம் என்பதே நமது அபிப்பிராயம். நாம் கேட்பதெல்லாம், ருஜு எங்கே என்பதுதான்.

1985-ம் வருஷத்துச் சட்டப்படி, கஞ்சா என்பது அச்செடியின் பூவும் காயும் பிடித்த நுனியாகும். நுனியோடு சேராமல் தனியே கிடக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகா. எடை 1 கிலோ வரையில் என்றால் தண்டனை 1 வருஷத்துக்கு மேற்போகாது. 20 கிலோவுக்கு மேற்பட்டாலோ 10 வருஷத்துக்குக் குறையாத கடுங்காவல். ஆகவே, மூட்டையில் இருப்பது நுனியா, வெறும் இலையா, எடை எவ்வளவு என்பதில் ஒரு மனிதனுடைய வாலிபமே அடங்கியிருக்கிறது.

இதை வாசனையைக் கொண்டா தீர்மானிப்பது? சரக்கின் சாற்றில் வானிலினும் அசிட்டால்டிஹைடும் கலந்த மருந்தையும், பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் விட்டால் ஊதா நிறம் காணும். குளோரோபாரம் விட்டால் அந்நிறம் அதற்குள் இறங்கும். ஆனால் இது முதற் சோதனைதான். வேறு சில பொருள்களும் இதே நிறங்காட்டி ஏமாற்றக்கூடும். அதனால்தான் மைக்ராஸ்கோப்பில் வைத்து, கரடி நகம்போல் வளைந்த ரோமங்களைத் தேடுகிறார்கள். பிறகு வாயு குரோமட்டோகிராப் இயந்திரத்தில் கூறு கூறாகப் பிரித்து, 1964-ல் இஸ்ரேலில் மெக்கோலமும் காவோனியும் பிரித்தெடுத்துக் காட்டிய டி.எச்.சி. என்னும் போதைச் சத்து இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இவ்வளவும் சரி. ஆனால் அந்தச் சத்து இலையிலும் உண்டு! ஆதலால் "டி.எச்.சி. இருக்கிறது" என்று மட்டும் ரிப்போர்ட்டு வந்தால், சட்டம் கேட்ட கேள்விக்கு அது பதிலாகுமா? நுனி இருந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டாமா? பத்து மூட்டையில் ஒன்றில் மட்டும் ஒரு பிடி எடுத்தால், மற்ற ஒன்பதுக்கும் அது எப்படிச் சாட்சியாகும்? மாதிரியை மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் எடுக்க வேண்டுமென்று சட்டமே சொல்லுகிறதே, அது எதற்காக?

நம் சென்னையில் 1849-லேயே ரசாயனப் பரிசோதனைச் சாலை ஏற்பட்டது. சந்தேகப்பட்டுச் சோதிப்பதற்கென்று ஏற்பட்ட இடம், போலீசார் சொல்லுக்கு முத்திரை குத்தும் இடமாகிவிடலாமா?

தோழர்களே! பணமுள்ளவன் வக்கீலை வைத்து இதையெல்லாம் கேட்டுக் கொள்ளுவான். கூலிக்காரனுக்காக நாம்தான் கேட்க வேண்டும்: நுனியைக் கண்டவர் யார்? எந்த மூட்டையில் கண்டார்?