பட்டாளத்தில் பயிற்சி அதிகாரியாகப் போகலாமா?

மில் தொழிலாளி வீட்டிலும் விவசாயக் கூலி வீட்டிலும் இன்று பட்டதாரிகள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்கள். தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறார்கள். மில்லில் காண்டிராக்டரின் கீழ் சூப்பர்வைசராக ஓடுகிறார்கள். இவர்களில் சிலர் நம்மைக் கேட்கிறார்கள்: “இருக்கிற வேலையை விட்டுவிட்டு ராணுவத்தில் பயிற்சி அதிகாரியாகப் போகலாமா? கட்சி என்ன சொல்கிறது?”

“ராணுவம் ஆளும் வர்க்கத்தின் கருவி, அங்கே உனக்கு என்ன வேலை?” என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். அது பதிலாகாது. சிப்பாய் யார் வீட்டுப் பிள்ளை? ஏர் பிடித்தவன் பிள்ளை, தறி ஓட்டியவன் பிள்ளை. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு நம் வீட்டுப் பிள்ளை போவதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் கணக்குப் பார்த்துப் போக வேண்டும். யார் என்பதை மறக்காமல் போக வேண்டும்.

வேலை என்ன, விதி என்ன?

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். “பயிற்சி அதிகாரி” என்று வெளியிலிருந்து நேராக ஆள் எடுத்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே வைத்துக்கொள்வது ராணுவத்தில் வழக்கமல்ல. அதிகாரியாகவோ சிப்பாயாகவோ சேர வேண்டும். பிறகு மேலிடம் அனுப்பினால் சில வருஷம் பயிற்சி நிலையத்தில் இருக்கலாம். அதன் பின் வேறு இடம். புதிதாகச் சேர்ந்தவனை மைதானத்தில் தினமும் நிறுத்திக் கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் நாயக்கும் ஹவில்தாருமே. அவர்களைத்தான் சிப்பாய்கள் “உஸ்தாத்” என்கிறார்கள். படித்த பட்டதாரிகளைக் கல்விப் பிரிவில் ஹவில்தாராக எடுப்பதும் உண்டு.

அதிகாரியாகச் சேரப் பலர் நாடும் வழி குறுகிய காலக் கமிஷன். சென்னை பறங்கிமலையில் 1963ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி இதற்குத்தான் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு வருஷப் பயிற்சி; பிறகு 10 வருஷ சேவை; வேண்டுமானால் இன்னும் 4 வருஷம். அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 வருஷ சேவை வேண்டும். கூட்டிப் பாருங்கள்: பத்தும் நாலும் பதினாலு. நிரந்தரக் கமிஷன் கிடைக்காதவர் நாற்பது வயதை நெருங்கும்போது, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் நேரத்தில், ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வருகிறார்.

இது ஒன்றும் புதிதல்ல. 1962 எல்லை யுத்தத்துக்குப் பிறகு அவசர காலக் கமிஷன் என்று படித்த வாலிபர்களை அழைத்தார்கள். செய்த உத்தியோகத்தை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அவசரம் தீர்ந்ததும் அவர்களில் பலரைச் சில வருஷங்களில் விடுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெண்களின் கதை இன்னும் கசப்பானது. 1992லிருந்து அவர்கள் அதிகாரிகளாகப் பறங்கிமலையில் பயிற்சி பெறுகிறார்கள். ஆண் அதிகாரிக்குத் திறந்திருந்த நிரந்தரக் கமிஷன் அவர்களில் மிகப் பலருக்கு மறுக்கப்பட்டது. வருஷக்கணக்கில் வழக்காடி, 2020 பிப்ரவரி 17ந் தேதி சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தக் கதவு அசைந்தது. உரிமையை யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை.

யாருக்குப் பயிற்சி?

அதிகாரியின் நிலைமை இது என்றால், அவர் கையில் பயிற்சி பெறும் சிப்பாயின் நிலைமை என்ன? 2022 ஜூனில் சர்க்கார் அக்னிபாத் திட்டத்தை அறிவித்தது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலு வருஷ வேலை. முடிவில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்பது அறிவித்தபோது வைத்த விதி. மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடையும் இல்லை. கையில் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் தருவதாகப் பெருமை பேசினார்கள். அதில் 5.02 லட்சம் அந்தப் பையனின் சம்பளத்திலேயே மாதா மாதம் பிடித்த பணம்! அதே அளவு சர்க்கார் பங்கு, மீதி வட்டி.

இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமானதுதான். “பயிற்சி” என்ற சொல்லை நம் பஞ்சாலை முதலாளிகளும் நன்றாக அறிவார்கள். “அப்ரண்டிஸ்” என்று பேர் வைத்து மூன்று வருஷம் இளம் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தமாகத் தருகிறோம் என்று ஆசை காட்டிய “சுமங்கலி” திட்டத்தை நாம் மறக்கவில்லை. 1981ல் தமிழ்நாட்டில் வந்த சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொன்னது. அதற்காக மில் கேட்டில் எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறோம்! பனியிலும் மலையிலும் துப்பாக்கி ஏந்தி 1,400 நாளுக்கு மேல் நிற்பவனுக்கு அந்த நியாயமும் கிடையாதாம். மில்லில் பிடித்த காண்டிராக்ட் நோய் பாசறைக்குள்ளும் புகுந்துவிட்டது. மில்லிலிருந்து தப்பித்து அங்கே ஓடுகிறோம் என்று நினைக்கும் வாலிபர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மூன்று பாடங்கள்

சரித்திரம் நமக்கு மூன்று பாடம் சொல்லித் தருகிறது.

ஒன்று: டாக்டர் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் வெள்ளையர் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியர். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மகர் குடும்பத்துக்குள் எழுத்தும் படிப்பும் நுழைந்தது அந்த உத்தியோகத்தால். ஆனால் 1890களின் தொடக்கத்தில் அதே வெள்ளையர் சர்க்கார் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. ஆள்பவன் கொடுத்ததை ஆள்பவன் ஒரு உத்தரவில் பிடுங்கிக்கொள்வான். உத்தியோகம் வரட்டும், அதோடு அமைப்பும் வேண்டும்.

இரண்டு: 1930 ஏப்ரல் 23, பெஷாவர். ஆயுதமில்லாத ஜனங்கள் மீது சுடும்படி வெள்ளைக்காரன் கட்டளையிட்டான். கர்வால் படைப்பிரிவின் ஹவில்தார் சந்திர சிங்கும் அவர் தோழர்களும் சுட மறுத்தார்கள். சுட்டால் சாவது இஸ்லாமிய சகோதரர்கள், மறுத்தவர்கள் இந்துக்கள். மதத்தைக் காட்டிப் பிரிக்க முடியாத மனிதர்கள்! அதற்காக நீண்ட சிறைவாசம் அனுபவித்த சந்திர சிங் கர்வாலி பின்னர் கம்யூனிஸ்டாக வாழ்ந்தார். சுடுவதற்குப் பயிற்சி எல்லோருக்கும் கொடுத்தார்கள். எப்போது சுடக்கூடாது என்பதை அவர்கள் தங்கள் மனசாட்சியிடம் கற்றார்கள்.

மூன்று: 1946 பிப்ரவரி 18, பம்பாய். கடற்படை எழுச்சி எங்கே தொடங்கியது தெரியுமா? “தல்வார்” என்ற பயிற்சி நிலையத்தில். தந்தி, சமிக்ஞை கற்றுக்கொண்டிருந்த வாலிபர்கள் மோசமான சாப்பாட்டையும் அதிகாரியின் இழிசொல்லையும் பொறுக்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் தீ 78 கப்பல்களுக்குப் பரவியது. பெரிய தலைவர்கள் சரணடையச் சொன்னபோது, கம்யூனிஸ்ட் கட்சி விடுத்த அறைகூவலை ஏற்றுப் பம்பாய் மில் தொழிலாளர்கள் 22ந் தேதி தெருவுக்கு வந்தார்கள். ராணுவமும் போலீசும் சுட்டதில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பயிற்சி கொடுக்கிறவன் தன் கீழே நிற்பவனை நாயாக நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கும், அந்தப் பிள்ளைகளுக்காக உயிர் கொடுக்க வந்தவர்கள் யார் என்பதற்கும் இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நாம் சொல்வது

ஆகவே, போகலாமா என்று கேட்கும் வாலிபர்களுக்கு நாம் சொல்வது இதுதான். மில் வேலையின் கசப்பு ஒன்றையே காரணமாக வைத்து முடிவு செய்யாதீர்கள். வயது வரம்பு, சேவைக் காலம், ஓய்வூதியம் எல்லாவற்றையும் விதியில் படித்துப் பாருங்கள். ஆள் சேர்க்கும் தரகர் பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பள்ளியில் வேலை செய்கிற ஆசிரியருக்கு, இருக்கிற வேலையை விடாமலே தேசிய மாணவர் படையில் பயிற்சி தரும் வழியும் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

போவது என்று தீர்மானித்தால் போங்கள். உங்கள் முன் வரிசையில் நிற்பவன் உங்கள் தந்தையைப் போன்ற ஒருவருடைய மகன். அவனை அடிக்காமல், சாதி சொல்லாமல், மதம் பாராமல், மனிதனாக நடத்திக் கற்றுக்கொடுங்கள். தேசத்தின் எல்லையைக் காக்கக் கற்றுக்கொடுங்கள். தேசம் என்பது அதன் ஜனங்கள் என்பதையும் கற்றுக்கொடுங்கள்.

இங்கே இருக்கும் நமக்கும் கடமை உண்டு. அக்னிபாத்தை ரத்து செய்! நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் கொடு! குறுகிய கால அதிகாரிகளை வெறுங்கையோடு அனுப்பாதே! இந்தக் கோஷங்கள் மில் கேட்டிலும் வயல் வரப்பிலும் ஒலிக்க வேண்டும். சிப்பாயின் குடும்பம் நம் சேரியிலும் நம் லைன் வீட்டிலும்தான் இருக்கிறது. அவர்களுக்காக நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசப் போகிறார்கள்?