நின்றவன் தோற்றவன் அல்லன்

மாரி ஓய்ந்து மாசி பிறந்துவிட்டால், திருகோணமலைப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகளின் ஆரவாரம் தொடங்கிவிடும். உட்துறைமுக வீதியிலும் கடற்கரையிலும் அதிகாலையில் மாணவர் ஓடிப் பழகுவது கண்ணுக்கு இனிய காட்சியே. ஆயினும் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்குப் பின் அக்காட்சியை நான் முன்போலக் கவலையின்றிக் கண்டதில்லை.

அம்மாதத்தில், நமது கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குகொண்ட 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். சிகிச்சை தாமதமாயிற்றென்று குற்றஞ்சாட்டி மாணவரும் ஊராரும் வைத்தியசாலை முன் திரண்டனர். அதுபற்றித் தீர்ப்புக் கூறுதல் என் நோக்கமன்று. அக்குற்றச்சாட்டு ஓட்டத்தின் பின் நிகழ்ந்தது பற்றியது. ஆசிரியராகிய நாம் நம்மையே கேட்கவேண்டிய வினா வேறொன்று: மூச்சு முட்டும் பிள்ளை, “என்னால் இயலவில்லை” என்று சொல்லி நிற்பதற்கு நம் மைதானங்களில் இடமுண்டா?

இல்லை என்பதே என் அநுபவம். மாணவனாக இருந்தபோது, ஓடும்போதெல்லாம் என் நெஞ்சு கயிற்றாற் கட்டியதுபோல் இறுகும். சொன்னாற் கோழை என்பார்களே என்று மறைத்தேன். அது தொய்வு நோய் என்பது பல ஆண்டுகளின் பின்னரே தெரியவந்தது. இத்தனையும் பட்டறிந்த நானே, ஆசிரியனானபின், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிய ஒரு மாணவனை நோக்கி, “நில்லாதே, ஓடு! இல்லத்தின் மானம் போகிறது!” என்று கூவியிருக்கிறேன். அவனுக்குத் தீங்கு நேராதது என் நல்லூழ். என் அறிவுடைமை அன்று.

இம்மனப்பான்மைக்கு ஒரு பழங்கதையும் துணைநிற்கின்றது. மரதன் போர்க்களத்திலிருந்து ஏதென்சுக்கு ஓடி, வெற்றிச் செய்தியைச் சொன்னதும் வீழ்ந்து மாண்ட வீரனின் கதையை நாம் வகுப்பிற் சொல்லாத ஆண்டில்லை. கி.மு. 490இல் நடந்த அப்போரை அதே நூற்றாண்டில் எழுதிவைத்த ஹெரொடோட்டஸ் இம்மரணத்தைக் கூறவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர்களே கூறினர். அவ்வாறிருந்தும், மாளும்வரை ஓடுவதே மாண்பு என்ற பாடத்தை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டோம்.

ஓடினால் மூச்சு வாங்குவது இயல்பு. வேகத்தைக் குறைத்ததும் அது தணிய வேண்டும். பழகப் பழகக் குறையவும் வேண்டும். தொய்வின் தன்மை வேறு. ஓட்டத்தின்போதோ, நின்ற சில நிமிடங்களிலோ இருமலும் இழுப்பும் நெஞ்சிறுக்கமும் மிகும். இதற்கு மருந்துண்டு, வைத்தியர் சொற்படி, ஓடுமுன் மூச்சோடு உள்ளிழுத்துக்கொண்டு, உடலை மெல்லச் சூடாக்கிய பின் ஓடலாம். சிறுவயதிலேயே தொய்வுக்கு ஆளான பிரித்தானிய வீராங்கனை போலா ரட்கிளிஃப், 2003இல் இலண்டன் மரதனை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். ஆகவே நோயைச் சொல்வது ஓட்டத்துக்கு முடிவன்று. பலருக்கு அதுவே தொடக்கம்.

அஞ்சவேண்டிய அறிகுறிகள் வேறு. ஓடும்போது நெஞ்சில் நோவோ பாரமோ தோன்றுதல், ஓட்டத்தின் நடுவே மயங்குதல், இதயம் தாறுமாறாகத் துடித்தல் ஆகியன இதயத்தின் முறையீடுகளாக இருக்கலாம். இளையோரிடத்துப் பெரும்பாலும் பிறவிக் குறைகளோ, பரம்பரையாக வரும் இதயத்தசைத் தடிப்போ, மின்துடிப்புக் கோளாறோ காரணமாகும். 35 வயதைக் கடந்தோரிடத்து இதயக் குழாய் அடைப்பே முதற் காரணம். காய்ச்சலோடு ஓடுவதும் ஆபத்தானது. நம் பகுதியின் வெயில் இன்னொரு பகை. வெப்பத்தில் ஓடுபவன் பிதற்றினாலோ தடுமாறினாலோ அவனை உடனே நீரால் குளிர்விக்க வேண்டும். வண்டி வரும்வரை வாளாவிருத்தல் கூடாது.

இத்தாலி நாட்டில், போட்டிகளிற் பங்குகொள்வோரை இதய மின்பதிவு உட்பட முன்னரே பரிசோதிக்க வேண்டுமென 1982இல் விதித்தனர். அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில், இளம் வீரர்களிடையே ஆண்டுக்கு இலட்சத்தில் 3.6 ஆக இருந்த திடீர் மரணம், 2004 அளவில் 0.4 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு மாணவனுக்கும் மின்பதிவு செய்ய நம் பாடசாலைகளுக்கு வசதி இராது. ஆனால் மூன்று வினாக்களுக்குச் செலவேது? ஓடும்போது நெஞ்சு நொந்ததுண்டா? மயங்கியதுண்டா? குடும்பத்தில் எவரேனும் 50 வயதுக்கு முன் திடீரென இறந்தனரா? ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்ற பிள்ளையை வைத்தியரிடம் அனுப்பிய பின்னரே ஓடவிட வேண்டும்.

இவற்றையும் மீறி ஒருவன் வீழலாம். 2021 ஜூன் 12இல் கொப்பன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் உதைபந்தாட்டத்தின் நடுவே சாய்ந்தார்; இதயம் நின்றுவிட்டது. களத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டனர். மறு ஆண்டே அவர் ஆட்டத்துக்கு மீண்டார். மின்னதிர்ச்சிக் கருவி நம் மைதானங்களில் இல்லாமற் போகலாம்; கைகள் இருக்கின்றன. அசைவற்று, இயல்பாக மூச்சுவிடாது கிடப்பவனின் மார்பு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த எந்த ஆசிரியரும் பயிலலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். வரும்வரையுள்ள நிமிடங்கள் நம் பொறுப்பு.

எனினும் இவை யாவும் மாணவன் வாய் திறந்தாலன்றி முழுப்பயன் தாரா. எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டியில், ஓட்டம் தொடங்குமுன் அதிபரோ ஆசிரியரோ ஒலிபெருக்கியில் இதைச் சொல்லட்டும்: “இயலாதவர் நிற்கலாம், நின்றதற்காக எந்த இல்லத்துக்கும் புள்ளி குறையாது.” இவ்வாண்டு அதைச் சொல்வதற்கு நான் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். முன்னொருநாள் “நில்லாதே” என்று கூவிய குரலுக்கு அது வேண்டியதுதான்.