குடியிருக்கும் வீட்டுக்கும் கட்சிச் சீட்டா?

அமெரிக்கா ஜனநாயகத்தின் தாயகம் என்றும், அங்கே யோக்கியதை உள்ளவனுக்கு உத்தியோகம் தானே தேடி வரும் என்றும் நம் படித்த கூட்டத்தார் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். அந்நாட்டு நகரசபைச் சிப்பந்தி எந்த ஊரில் படுத்துறங்குவது என்பதுகூடக் கட்சிப் பேரத்தில் சிக்கிய கதையை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. ஆகவே நாம் சொல்லுகிறோம்.

சிக்காகோ நகரசபைச் சிப்பந்திகள் நகர எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்பது இன்றும் அங்குள்ள விதி. நகரத்தாரின் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவன் அந்நகரத்தாரோடு வாழட்டும் என்பது நியாயமே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் கட்சி அந்த நியாயத்தை என்ன செய்தது? 1955 முதல் 1976 வரை மேயராயிருந்த ரிச்சர்ட் டேலியே அந்த மாவட்ட டெமாக்ரடிக் கட்சிக்கும் தலைவர். நகரத்தின் 50 வட்டங்களுக்கும் கட்சிக்கு ஒவ்வொரு காரியஸ்தர். தேர்தலில் கட்சியின் ஆதரவு இன்னாருக்கு என்று கூடித் தீர்மானிப்பவர்களும் அவர்களே. வேலைக்குச் சிபார்சுச் சீட்டுக் கொடுப்பவர்களும் அவர்களே. சீட்டு வாங்கி வேலைக்குப் போனவன் நகரத்தை விட்டும் போக முடியாது. கட்சி கைகாட்டியவருக்கு வீடு வீடாக ஓட்டுச் சேர்க்காமலும் இருக்க முடியாது. பக்தனுக்கும் கடவுளுக்கும் நடுவே பூசாரி. பிரஜைக்கும் உத்தியோகத்துக்கும் நடுவே இந்த வட்டத்துப் பூசாரி! அங்கே தட்சணை காசு, இங்கே தட்சணை ஓட்டு. வேறென்ன வித்தியாசம்?

இதை எதிர்த்து 1969-இல் மைக்கேல் ஷாக்மன் என்ற வக்கீல் வழக்குத் தொடுத்தார். கட்சி காரணமாக வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 1972-இலும், வேலைக்கு எடுப்பதிலும் கட்சி பார்க்கக்கூடாது என்று 1983-இலும் உத்தரவுகள் பிறந்தன. நகரசபை கோர்ட்டின் கண்காணிப்பிலிருந்து விடுபட்டதோ 2014-இல்தான். பூசாரியை விலக்க 45 வருஷம்!

நிற்க, விதியை எடுத்துவிட்ட ஊரின் யோக்கியதையையும் பார்ப்போம். மில்வாக்கி நகரத்தில் இதே விதி 1938 முதல் இருந்தது. 2010-இல் விஸ்கான்சின் மாகாணக் கவர்னர் தேர்தலில் அந்நகரப் போலீஸ் சங்கமும் தீயணைப்போர் சங்கமும் ஸ்காட் வாக்கருக்கு ஆதரவு அறிவித்தன. அவர் ஜெயித்தார். 2011-இல் ஆசிரியர் முதலிய சர்க்கார் சிப்பந்திகளின் சங்கங்கள் கூலி பேசும் உரிமையை ஒடுக்கினார். போலீசாருக்கும் தீயணைப்போருக்கும் மட்டும் விலக்கு. 2013-இல் குடியிருப்பு விதியையும் மாகாணச் சட்டம் ரத்துச் செய்தது. நகரசபை ஒப்பவில்லை, ஆயினும் 2016-இல் மாகாண சுப்ரீம் கோர்ட் அச்சட்டம் செல்லும் என்றது. இதைக் கைம்மாறு என்றால் சிலர் கோபிப்பார்கள். நாம் வருஷங்களை வரிசையாக வைத்துவிட்டோம். தோழர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

எங்கே வசிப்பது என்பது மனிதனுடைய சுதந்திரமல்லவா என்று கேட்கலாம். 16 வருஷம் உழைத்த பிலடெல்பியா தீயணைப்புக்காரர் ஒருவர் நியூஜெர்சிக்குக் குடிபோனதற்காக வேலையிழந்தார். அவர் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1976-இல் விதியே செல்லும் என்றது. அவருக்குக் கிடைக்காத சுதந்திரம் மில்வாக்கியாருக்குக் கிடைத்தது எதனால்? மேலும், மில்வாக்கியில் கறுப்பு மக்கள் மிகுதியாக வாழ்வது நகரத்துக்குள். சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். போலீஸ்காரரின் தடி நகரத்துக்கு, அவர் சம்பளம் செலவாவது வெளியூருக்கு என்றால், இது யாருடைய சுதந்திரம்?

விதி வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தந்த நகரத்து ஜனங்களே பகிரங்கமாகத் தீர்மானிக்கட்டும். தீர்மானித்தபின் அது மேலதிகாரிக்கும் தோட்டிக்கும் ஒன்றாயிருக்கட்டும். வேலை பரீட்சையினால் கிடைக்கட்டும், சீட்டினால் வேண்டாம். விதி இருந்தால் அதைக் காட்டிப் பயமுறுத்தி ஓட்டு வாங்குவதும், விதியை எடுப்பதாக ஆசை காட்டி ஆதரவு வாங்குவதும் ஒரே வியாபாரந்தான். தரகன் இருக்கும்வரை எந்த விதியும் ஜனங்களுக்குச் சொந்தமாகாது.