கடதாசிப் பூசணியும் அதைச் செய்த கைகளும்

ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு அமெரிக்காவில் வீட்டு வாசல்தோறும் பூசணிக்காய்கள் பல்லைக் காட்டிச் சிரிக்கும். உள்ளே குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, விளக்கேற்றி வைப்பார்கள். ஹலோவீன் நாளின் இந்த 'ஜக் ஓ லாந்தர்' அயர்லாந்திலிருந்து வந்தது. சாத்தானையே ஏய்த்ததால் சொர்க்கத்திலும் நரகத்திலும் இடமின்றி, கிழங்குக்குள் தணலை வைத்துக்கொண்டு அலைகிறானாம் ஜக் என்பவன். அங்கே டேர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். கடல் கடந்து போனவர்களுக்குக் குடைய இலகுவான பூசணி கிடைத்தது.

நான் சொல்ல வந்தது கடதாசியில் செய்த பூசணிகளைப் பற்றி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவை ஜேர்மனியிலிருந்து கப்பலேறி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. மட்டையையோ கடதாசிக் கூழையோ அச்சில் அழுத்தி, காயவைத்து, செம்மஞ்சள் வர்ணம் பூசுவார்கள். கண், வாய்த் துவாரங்களுக்குப் பின்னால் மெல்லிய வர்ணத்தாள் ஒட்டி, கம்பிக் கைபிடி மாட்டுவார்கள். உள்ளே எரிவது உண்மையான மெழுகுதிரி! கடதாசிக்குள் நெருப்பை வைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்த காலம் அது. பல எரிந்தன, பல மறுநாளே குப்பைக்குப் போயின. அதனால்தான் பரணில் தப்பிப் பிழைத்த சிலவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் இன்று நூற்றுக்கணக்கான டொலர் கொடுக்கிறார்கள். அந்த மெல்லிய தாள் கிழியாமல் இருந்தால் விலை இன்னும் கூடும்.

சேகரிப்பாளர் முதலில் தேடுவது 'ஜேர்மனி' என்ற முத்திரையை. இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அமெரிக்கத் தீர்வைச் சட்டம் விதித்தது. ஆக, நாடு தெரிகிறது, காலமும் ஏறக்குறையத் தெரிகிறது. செய்தவர் யார்?

சமூகவியல் படித்தவள் என்பதாலோ என்னவோ, என் மனம் அங்கேதான் போய் நிற்கிறது. கடதாசிக் கூழ்ப் பொம்மைகளுக்குப் பேர்போன சொன்னபேர்க் பகுதியில் தொழிலின் பெரும்பங்கு வீடுகளுக்குள்தான் நடந்தது. தாயும் பிள்ளைகளும் அடுப்படியிலேயே அச்சழுத்தி, ஒட்டி, வர்ணம் பூசினார்கள். கூலி துண்டுக் கணக்கில். அந்தக் கணக்கு நமக்கும் புதியதல்ல. 1906இல் பேர்லினில் வீட்டுத் தொழிலுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதைச் செய்யச் சென்ற நேரத்தையும் கிடைத்த கூலியையும் எழுதி வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் அதிர்ந்து போனார்கள். 1911இல் வீட்டுத் தொழிலுக்கெனத் தனிச் சட்டம் வந்தது, கூலி விடயத்தில் பல்லில்லாத சட்டமாக.

வாங்கி அலங்கரித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். டெனிசன் என்ற அமெரிக்கக் கம்பனி 1909இல் 'போகி புக்' என்றொரு கைநூலை வெளியிட்டது. விருந்து வைக்கும் இல்லத்தரசிக்கு கிறேப் கடதாசியால் வீட்டை எப்படி அலங்கரிப்பது என்று அது சொல்லிக் கொடுத்தது. கம்பனியின் பெயரும் ஆண்டும் இன்று சேகரிப்பாளருக்கு மனப்பாடம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்தது. மெழுகுதிரியின் இடத்தை மின்குமிழ் பிடித்தது.

பழைய ஜேர்மன் லாந்தர்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அச்சு ஒன்றாக இருந்தாலும் புருவம் ஒன்றில் தடித்திருக்கும், மற்றதில் மெலிந்திருக்கும். தூரிகை பிடித்த கை அங்கே மட்டும் தெரிகிறது.