சைக்கிளை விட்டு இறங்காத உரிமை

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிள்ளானுக்குத் தெற்கே தோட்டப்புறச் சடக்குகளில் நின்று பார்த்தால் இப்போது ஒரு புதுக் காட்சியைக் காணலாம். உடலோடு ஒட்டிய வண்ணச் சட்டை, தலையில் கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பத்துப் பேர், இருபது பேர் என்று வரிசையாகச் சைக்கிள் மிதித்துப் போகிறார்கள். தெலுக் பங்லிமா காராங்கைக் கடந்து, லங்காட் ஆற்றுப் பாலத்தின் மேலேறிக் கேரித் தீவுக்குள் நுழைகிறார்கள். செம்பனைகளுக்கு நடுவே மேடு பள்ளமின்றி நீண்டு கிடக்கும் சாலை அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வேறு சிலர் பந்திங் வழியாக ஜுக்ராவுக்குப் போய்ப் பழைய அரண்மனையைப் பார்த்துவிட்டு, மோரிப் கடற்கரையில் இளைப்பாறித் திரும்புகிறார்கள். பட்டணத்துப் புகையை விட்டு வரலாற்றுச் சிறப்புள்ள நாட்டுப்புறத்தில் சைக்கிள் ஓட்டுவது உடம்புக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது என்கிறார்கள். நல்லதுதான்.

"அவர்கள் பொழுதுபோக்கைப் பற்றி நம் பத்திரிகையில் என்ன எழுத்து?" என்று கேட்கும் தோழர் இருப்பார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. 2025 பிப்ரவரி முதல் இந்நாட்டில் சட்டம் விதித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்த வண்ணச் சட்டைக்காரர் சிலரின் சைக்கிள் ஒன்றே பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். நம் லயத்துச் சைக்கிளோ, பின்னால் காண்டாவாளியையும், முன்னால் பிள்ளையையும், சம்பள நாளில் அரிசி மூட்டையையும் சுமந்து சுமந்து கம்பி வளைந்த சைக்கிள். இரண்டுக்கும் சக்கரம் இரண்டு என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லைதான்.

ஆனால் அவர்கள் ஓடுகிற அந்தச் சாலைக்கு ஒரு கதை இருக்கிறது. அது சைக்கிளின் கதையே. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம்மவர் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்றிருந்த காலம். போர்க்காலத்தில் ரப்பருக்கு நல்ல கிராக்கி, விலைவாசியும் ஏறிவிட்டது, கூலி மட்டும் ஏறவில்லை. சங்கம் என்று சொல்ல அஞ்சிய நாளில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் தொழிலாளரை ஒன்று திரட்டினார்கள். அப்போது எழுந்த கோரிக்கைகளில் சம கூலி இருந்தது. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்பது இருந்தது. பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம், நோய்க்குச் சரியான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி, சங்கம் அமைக்கும் உரிமை, இவையெல்லாம் இருந்தன. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைக்கும் தோட்டத்து உத்தியோகஸ்தருக்கும் எதிரே தொழிலாளி சைக்கிளில் ஏறிப் போகும் உரிமை வேண்டும்!

இன்றைய இளைஞனுக்கு இது விளங்குவது கடினம். அன்று துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். பின்னால் வாளி நிறையப் பால் இருந்தாலும் இறங்கவேண்டியதுதான். அந்தச் சடக்குக்குக் கல் உடைத்துப் போட்டவன் அவனுடைய அப்பனாக இருக்கலாம். சைக்கிள் அவன் வயிற்றைக் கட்டி வாங்கியதாக இருக்கலாம். ஆனாலும் அதன்மேல் உட்கார்ந்து போக அவனுக்கு உரிமை இல்லை. கூலியில் காசு குறைந்தால் வயிறுதான் சுருங்கும். இதில் மனிதனே சுருங்கிப்போவான். கூலியைக் கேட்ட அதே மூச்சில் இதையும் கேட்டார்களே, அந்த எழுத்தறியாத பெரியவர்கள், அவர்களை எண்ணி எத்தனை பெருமைப்பட்டாலும் தகும்.

கிராணிமார் இங்கே மனம் கோணக்கூடாது. இந்தப் பத்திரிகையை அவர்களும் படிக்கிறார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறோம். அன்று தொழிலாளி இறங்கி நின்றது வெள்ளைத்துரைக்கு முன்னால் மட்டுமன்று. நம்மைப் போன்ற நிறமுடைய உத்தியோகஸ்தருக்கு முன்னாலும்தான். துரைக்கு முன் கைகட்டி நின்ற கிராணி, அந்தச் சிறுமையைத் தொழிலாளியிடம் தீர்த்துக்கொண்டான். எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டோம். தொழிலாளிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களும், இரவில் விளக்கு வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும் கிராணிமாரிடையே உண்டு. ஆனால் கதையைச் சொல்லும்போது துரையை மட்டும் குற்றவாளியாக்கி மற்றவரை விட்டுவிட்டால் அது பாதிக் கதை.

முடிவு என்ன ஆயிற்று? 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டுப் பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் இழந்தனர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தோட்டத்தில் அடக்கம் திரும்பிவிட்டது என்று துரைமார் மூச்சுவிட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் வந்திறங்கிய ஜப்பானியப் படையில் பலர் எதிலே வந்தார்கள்? சைக்கிளிலே! தார்ச்சடக்கில் மட்டுமன்றித் தோட்டத்துச் சடக்குகளிலும் புகுந்து வந்தது. சக்கரத்து ரப்பர் கிழிந்த இடத்தில் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்களாம். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. தொழிலாளி சைக்கிளில் உட்காரக் கூடாது என்ற துரைமாருக்கு முன்னால் அந்தச் சைக்கிள் படை யாருக்காகவும் இறங்கி நிற்கவில்லை. அதனால் நமக்கு நல்ல காலம் பிறந்துவிடவில்லை. சயாம் மரண ரயிலுக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம்மவர் கதை தனிக் கதை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரருக்கு வருவோம். அவர்கள் ஜுக்ராவில் நின்று பார்ப்பதில் தவறில்லை. 1857 முதல் 1898 வரை சிலாங்கூரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாது வாழ்ந்த மண் அது. அவருடைய கல்லறையும் அங்கே இருக்கிறது. அடுத்து வந்த சுல்தான் கட்டிய அரண்மனையும் பார்க்கவேண்டியதே. கேரித் தீவில் மா மெரி மக்களின் மரச்சிற்பம் உலகறிந்தது. (அவர்கள் கம்போங்கிற்குள் போகிறவர்கள் கேட்டுப் படம் எடுப்பது மரியாதை. அவர்களும் நம்மைப் போல வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள்தாம், கண்காட்சிப் பொருள் அல்லர்.) ஆனால் அந்தத் தீவின் பெயரே எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற துரையின் பெயர். சுல்தானுக்கு ஓர் அரண்மனை, துரைக்கு ஒரு தீவு. காடழித்து, கால்வாய் வெட்டி, மலேரியாவில் மடிந்த தொழிலாளிக்கு என்ன?

அவனுக்கிருந்த அடையாளங்களும் ஒவ்வொன்றாகப் போகின்றன. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் கல்வீடு. லயம் இடிந்தால் கோயில் தனித்து நிற்கிறது. பிறகு கோயிலுக்கும் வழக்கு. நாட்டுப்புறத்து வரலாற்றைக் காணச் சைக்கிளில் வருகிறவருக்கு இந்த வரலாறு கண்ணில் படாமலே போகிறதென்றால், குற்றம் அவருடையது மட்டுமா? நாம் அவருக்கு எடுத்துக் காட்டவில்லையே.

அதனால் சைக்கிள் பாதை வகுப்பதை நாம் எதிர்க்கக் கூடாது. அதில் நம் பங்கைக் கேட்க வேண்டும். கிள்ளானில் 1941 வேலைநிறுத்தத்துக்கு ஓர் அறிவிப்புக் கல் வேண்டும். மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் அந்தச் சைக்கிள் கோரிக்கை அதில் பொறிக்கப்பட வேண்டும். வழிகாட்டும் படத்தில் அரண்மனைக்குப் புள்ளி வைப்பவர்கள் பழைய லயத்துக்கும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும், முனியாண்டி கோயிலுக்கும் புள்ளி வைக்கட்டும். வழிகாட்டி வேலைக்குப் பட்டணத்து ஆளைத் தேடாமல் தோட்டத்துப் பிள்ளைகளைப் பழக்கிச் சம்பளம் கொடுக்கட்டும். பாட்டிமார் நிரை பிடித்து மரம் சீவிய கதையை அவர்களைவிட யார் சொல்வார்?

இன்னொன்று பாதுகாப்பு. பந்தயச் சைக்கிளில் முன்னும் பின்னும் மின்விளக்கு எரிகிறது. இருட்டோடு இருட்டாக வேலைக்கு மிதிக்கும் தொழிலாளியின் சைக்கிளில், அவர் தமிழராயினும் இந்தோனேசியராயினும் வங்காள தேசத்தவராயினும், பெரும்பாலும் விளக்கே இருப்பதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஓடுகிற சாலை அது. விளையாட்டுச் சைக்கிளுக்கென்று ஓரப் பாதையும் விளக்கும் போடுவதானால், அது தோட்ட வாசலோடு நின்றுவிடாமல் குடியிருப்பு வரை வர வேண்டும்.

தோட்டத்துச் சடக்கில் புகுந்து போக நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும் சைக்கிள் மன்றத்தாருக்கும் ஒரு சொல். அதே வாசலில் நம் உறவினர் தடையின்றி வர வேண்டும் என்று 1941-இலேயே கேட்டிருக்கிறோம். அனுமதி வாங்கும்போது எங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

கிளைக் காரியதரிசிகள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். உங்கள் தோட்டத்தில் 1941-ஐக் கண்ட, அல்லது கண்டவர் வாயால் கேட்ட முதியவர் யாரேனும் இருந்தால், அவர் சொல்வதை ஒரு பிள்ளையை விட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்தச் சடக்கு, எந்த மேடு, எந்த இடத்தில் இறங்கி நின்றார்கள் என்பது வரை எழுதி அனுப்புங்கள்.